துவக்கோடு எடுத்த படம்

டென்மார்க்கில் ஒடென்சே நகரத்துக்கு முதலில் வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் நீக்கிலாஸ் அண்ணையும் ஒருவர். மன்னார்க் கத்தோலிக்கர்; வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் பொலிஸ்காரராக இருந்தவர் என்பதால் வீட்டில் அவருக்கு ‘ராளாமி’ என்று பெயர். சிங்களத்தில் பொலிஸ்காரரை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. எங்கள் வாயில் அது மரியாதையாக வராது. குணசேகரத்தின் வாயில் சுத்தமாக வராது.

கொம்யூன், அதாவது நகரசபை, தந்த அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: நீக்கிலாஸ் அண்ணை, கொக்குவிலில் இருந்து வந்த குணசேகரம், நான். எனக்குத் தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகப் படிப்பித்துவிட்டிருந்தார்கள். அதனால் கொம்யூன் ஆட்களுக்குப் பதில் சொல்வது, வைத்தியரிடம் கூட்டிப்போவது, கதைத்தது கதைக்காதது எல்லாவற்றுக்கும் பொருள் சொல்வது என் தலையில் விழுந்திருந்தது. மற்றவர்களுடைய கவலைகள் என் வாய் வழியாகப் போய் வந்தன. போகும்போது கொஞ்சம் என்னிடமே தங்கிவிடும்.

பொலிஸில் நீக்கிலாஸ் அண்ணைக்குத் துவக்கு அறையில்தான் வேலை. காலையில் எடுத்துக் கொடுப்பார். மாலையில் திருப்பி வாங்கி, குழலுக்குள் துணி விட்டு இழுத்து, எண்ணெய் பூசி, சங்கிலி கோத்துப் பூட்டுவார். எல்லாம் இங்கிலாந்துக்காரன் விட்டுப்போன பழைய த்ரீ நொட் த்ரீ துவக்குகள். “பத்து வருசத்துக்கு மேல துடைச்சன். ஒரு காகத்தைக்கூடச் சுடேல்லை” என்பார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மேலதிகாரி அந்த அறையின் சாவியை அவரிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை, சொல்லவேண்டியும் இருக்கவில்லை. சில மாதங்களில் இயக்கப் பொடியள் ஆள் அனுப்பினார்கள்: சாவியைத் தா, தராவிட்டால் நீ காட்டிக்கொடுக்கிறவன். கையில் சாவி இல்லை என்றால் யார் நம்பப்போகிறார்கள்? மனைவி விக்ரோரியாவை அவளுடைய தம்பி அந்தோனிமுத்துவின் வீட்டில் விட்டுவிட்டு, கொழும்புக்குப் போய்வாறன் என்று வெளிக்கிட்டவர், எண்பத்து நான்கின் நடுவில் டென்மார்க்கில் வந்து நின்றார்.

ஒடென்சேயைச் சுற்றிப் பூச்சாடிச் செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகள் நிறைய. அதில் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. சாடிக்கு மண் நிரப்பி, தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். அங்கே கண்ணாடி வீடுகளுக்குச் சூடு அனுப்பும் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர் ஐனார். அறுபது தாண்டிய டெனிஷ்காரர், மனைவி இறந்தபின் தனியாக இருந்தவர். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், பக்கத்தில் இருந்து கறுப்புப் பாண் வெட்டிக்கொண்டிருந்த ஐனாரின் சட்டைக் கையிலிருந்து நீக்கிலாஸ் அண்ணைக்கு ஒரு மணம் வந்தது. துவக்கு எண்ணெய். அது மெசின் எண்ணெய் மாதிரி இல்லை என்று பிறகு எங்களுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தார். எங்களுக்கு எல்லா எண்ணெயும் ஒன்றுதான். அவர் ஐனாரின் சட்டையைத் தொட்டு, மூக்கைக் காட்டி, பிறகு இரண்டு கையாலும் துவக்குப் பிடிப்பதுபோலச் செய்து, ‘அதுதானே?’ என்று தலையை ஆட்டியிருக்கிறார். அகதி ஒருவன் சாப்பாட்டு மேசையில் துவக்குப் பிடித்துக் காட்டுவதைப் பார்த்த மற்ற வேலையாட்கள் மெல்ல நகர்ந்து இருந்தார்களாம். ஐனார் மட்டும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு ஐனார் காரில் வந்து அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த கையோடு அது வழக்கமாயிற்று. ஐனார் இளமையில் கப்பலில் வேலை செய்தவர், ஆங்கிலம் கதைப்பார் என்பதால் சில நாட்களில் என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள்.

ஐனார் பழைய இராணுவத் துவக்குகளைச் சேர்க்கிறவர். உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பொலிஸ் சொன்னபடி சன்னலுக்கு இரும்புக் கம்பி, கதவுக்கு இரண்டு பூட்டு, ஒவ்வொரு துவக்குக்கும் அனுமதிப் பத்திரம். சுவரில் மர முளைகளில் அவை படுத்திருந்தன. பக்கவாட்டில் பெட்டி வைத்த டெனிஷ் கிராக், அதற்கும் முந்திய, ஒவ்வொரு வெடியாகப் போட்டு அடிக்கும் ரெமிங்டன், போருக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த கராண்ட். வேட்டைத் துவக்கை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். அதிகாரிக்குச் செய்த அலங்காரத் துவக்கும் வேண்டாம். சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுத்து, அவனிடமிருந்து திருப்பி வாங்கியதாக இருக்க வேண்டும். பண்ணை வீடுகளில் ஏலம் நடந்தால் போய் நிற்பார். ஒன்றைக் கையில் எடுத்தால் குழலைப் பார்ப்பதற்கு முன் மரக்கட்டையைத்தான் தடவுவார். எந்தக் காலத்திலோ காவல் நின்ற பண்ணைப் பையன் ஒருவன் அலுப்பில் பேனாக்கத்தியால் தன் பெயரின் முதலெழுத்தை அதில் கீறியிருப்பான். பட்டாளத்தில் அதற்குத் தண்டனை உண்டாம். ஐனாருக்கு அந்தக் கீறல்தான் வேண்டும்.

“இவனுடைய பெயர் என்னவாக இருக்கும்?” என்று என்னிடம் கேட்பார். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு அந்த அறைக்குள் நிற்கவே பிடிக்காது. எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் விசா வரவில்லை. துவக்கு என்ற சொல்லையே நான் சத்தம் குறைத்துத்தான் சொல்வேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரு பாசையும் இல்லாமல் எதிரெதிரே இருந்து, ஒருவர் துணியைக் கிழிக்க மற்றவர் எண்ணெய் தொட்டுக் கொடுக்க, பின்னேரம் முழுக்கத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஊரைவிட்டு வந்தபின் நீக்கிலாஸ் அண்ணையின் முகம் இளகியிருந்ததை நான் அங்கேதான் கண்டேன்.

எண்பத்தைந்து மே நான்காம் திகதி சனிக்கிழமை பின்னேரம் ஐனார் எங்களைக் கூப்பிட்டார். பஸ்ஸில் போகும்போது வழி நெடுக வீட்டுச் சன்னல்களில் மெழுகுதிரி எரிந்தது. “இண்டைக்கு எந்த அர்ச்சிஷ்டவற்ற திருநாள்?” என்று நீக்கிலாஸ் அண்ணை கேட்டார். ஜெர்மன்காரர் டென்மார்க்கை விட்டுப் போகப் போகிறார்கள் என்ற செய்தி வந்த இரவாம். வருடா வருடம் அன்றைக்குச் சன்னலில் திரி வைப்பார்களாம். அந்த வருடம் நாற்பது ஆண்டு நிறைவு. ஐனாரும் திரி வைத்திருந்தார். பக்கத்தில் ஸ்னாப்ஸ் போத்தல் பாதியாகியிருந்தது.

எங்களைக் கண்டதும் ஏணியை எடுத்துப் பரணில் ஏறினார். கம்பளியில் சுற்றிய நீளமான ஒன்றோடு இறங்கினார். பிரித்தபோது நீக்கிலாஸ் அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“ஐயோ, எங்கட த்ரீ நொட் த்ரீ!”

அது ஐனாருடைய அண்ணனின் துவக்கு. ஆக்கிரமிப்பின் கடைசி வசந்தத்தில் இங்கிலாந்து விமானம் பரசூட்டில் போட்டவற்றில் ஒன்று என்று அண்ணன் சொல்லியிருந்தாராம். போர் முடிந்ததும் எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அண்ணன் ஒப்படைக்கவில்லை, அடுத்த வருடம் காசநோயில் இறந்துபோனார். தம்பியும் ஒப்படைக்கவில்லை. சுவரில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொலிஸில் பதிவு உண்டு. இதற்கு இல்லை. மனைவிக்குக்கூட அவர் இதைக் காட்டியதில்லையாம்.

நீக்கிலாஸ் அண்ணை அதை வாங்கி, அதன் குதியைப் பலகைத் தரையில் ஊன்றி, கால் இரண்டையும் சேர்த்து நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேள்.”

இந்தப் படம் எடுக்கிற விசயத்தைச் சொல்லவேண்டும். அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். யாருடையதோ காரில் கையை ஊன்றி, யாருடையதோ சோபாவில் சாய்ந்து, யாருடையதோ கலர் டிவிக்குப் பக்கத்தில் நின்று. அதற்கு ஒரே ஒரு விதிதான்: பொருளின் சொந்தக்காரர் படத்துக்குள் விழக்கூடாது. குணசேகரம் ஒரு சிவப்பு வொல்வோவோடு எடுத்த படத்தில் அவனுடைய சிரிப்பு ஒரு மாதிரி இருக்கும். கார்க்காரன் கடையால் வெளியே வந்து, ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவனுக்கு ஊரில் பெண் பேசினார்கள்.

நீக்கிலாஸ் அண்ணைக்கோ வேறு கவலை. பொலிஸ்காரன் வெளிநாட்டில் சட்டி கழுவுகிறானாம் என்று ஊரில் ஆட்கள் சிரிப்பதாக விக்ரோரியா அக்கா எழுதியிருந்தா. பூச்சாடி அடுக்குகிற படத்தை அனுப்பினால் அது உண்மையாகிவிடும்.

ஐனார் தயங்கினார். “இது படம் எடுக்கிற துவக்கு இல்லை” என்றார். பிறகு தன் கிளாசைப் பார்த்து, “சிலோனில் யாருக்குத் தெரியப்போகிறது” என்று சொல்லிக் கமராவை எடுத்தார். தன்னுடைய நீளக் கோட்டையும் கழற்றிக் கொடுத்தார். சுவரில் மற்றத் துவக்குகள் தெரிந்தால் கடை மாதிரி இருக்கும் என்று நீக்கிலாஸ் அண்ணை வெறும் வெள்ளைச் சுவரைத் தேடிப் போய் நின்றார்.

படம் கழுவி வந்ததும் நான் தடுத்துப் பார்த்தேன். “அண்ணை, இதை அனுப்பாதேங்கோ. வழியில ஆரும் பாத்தா?”

“பாத்தா என்ன? நான் என்ன பங்கருக்குள்ளயே நிக்கிறன்? கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்கிறன்.”

குணசேகரம் படத்தைப் பறித்துப் பார்த்தான். “ராளாமி, டென்மார்க் ராசாத்தியின்ர அரமனை வாசல்ல நிக்கிற வேலை கிடைச்சிட்டுதெண்டு ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

“அப்பிடித்தான் வச்சுக்கொள்ளடா. நீ அந்த வொல்வோக்காரனுக்கு டிரைவர்தானே.”

படம் போனது. பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது. விக்ரோரியா அக்காவை விட அந்தோனிமுத்துவுக்குத்தான் பெருமை. அவன் மீன் வாடி வைத்திருந்தவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டு முன் விறாந்தையில் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டினான்.

ஐப்பசியில் அந்தப் பக்கம் சுற்றிவளைப்பு நடந்தது. வீடு வீடாய் ஏறிய ஆமிக்காரர் விறாந்தையிலேயே நின்றுவிட்டார்கள். படத்தில் இருந்தவனைத் தேடினார்கள். அவன் இல்லை. சட்டம் போட்டவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எங்களுக்கு இது தெரிய ஒரு கிழமைக்கு மேலானது. தந்தி வந்தது, தபால் கந்தோருக்குப் போய்ச் ஊர்ப் பங்குச் சுவாமியார் தங்கும் அறைவீட்டுக்குக் கோல் எடுத்தோம். விக்ரோரியா அக்கா அங்கே வந்து காத்திருந்தா. கண்ணாடிப் பெட்டிக்குள் நீக்கிலாஸ் அண்ணை ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்க, அவவின் குரல் வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

“அந்தப் படத்தாலதானப்பா! பக்கத்து ஊர்ப் பொலிஸ் டேசன்ல உடைச்சு எடுத்த துவக்காம் அது. நீங்க அதை எடுத்துக்கொண்டு இந்தியாவில ட்ரெயினிங் எடுக்கிறியளாம்.”

“டென்மார்க் முத்திரை குத்தின கவரைக் காட்டினியா?”

“காட்டினன். கவருக்குள்ள எதையும் வைக்கலாமாம். சுவாமியார் ஆமிப் பெரியவனைப் போய்ப் பாத்தவர். அந்தத் துவக்கு எங்கட இல்லை, வேற நாட்டில வேற ஒருத்தற்ற எண்டு அந்த நாட்டுப் பொலிஸ் துவக்கு நம்பரோட எழுதித் தந்தா விடுவாங்களாம். இஞ்சருங்கோ, கேக்குதே? தம்பியை இன்னும் பாக்க விடேல்லை. அவன் கட்டியிருந்த சாரத்தை மட்டும் தந்து தோய்ச்சுக்கொண்டு வரச் சொல்லுறாங்கள்.”

“சாரத்தில...” என்று நீக்கிலாஸ் அண்ணை தொடங்கினார். கேட்கவந்ததைக் கேட்கவில்லை. லைன் போய்விட்டது.

பொலிஸ் எழுதித் தந்தால் போதும். ஆனால் அந்தத் துவக்கைப் பற்றி டெனிஷ் பொலிஸுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் அது போய்விடும். அதோடு மற்றவையும் போகலாம்.

அவர் ஐனாரிடம் கேட்கவில்லை. தினமும் வேலைக்குப் போனார், கொதிகலன் அறையைக் கடந்து தள்ளுவண்டியைத் தள்ளினார், மத்தியானம் அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். கேட்கவில்லை. வீட்டில் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார்.

குணசேகரம்தான் ஒரு வழி சொன்னான். “அண்ணை, சுவரில இருக்கிறதுகளுக்குக் கடுதாசி இருக்குதானே? அதில ஒண்டின்ர நம்பரை எழுதி எடுப்பம். படத்தில நம்பர் தெரியாது.”

“கிராக்கைக் காட்டி த்ரீ நொட் த்ரீ எண்டு சொல்லவோ? ரெண்டுக்கும் மூஞ்சியே வேற. ஆமிக்காரன் ஒருக்காப் பாத்தாச் சொல்லிடுவான். பிறகு அந்தோனி முதல் செய்யாத குற்றத்துக்கு, அடுத்தது நாங்க செய்த பொய்க்கு அடி வாங்கோணும்.” சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீயும் வா. எனக்கு வாய் வராது.”

ஐனாரின் குசினி மேசையில் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் முதலிலிருந்து சொன்னேன். படம், விறாந்தை, சுற்றிவளைப்பு, சாரம். சாரம் என்றால் என்ன, அதைத் தோய்க்கக் கொடுப்பது என்றால் என்ன என்று விளங்கப்படுத்த எனக்கு ஆங்கிலம் போதவில்லை. ஆனால் அவருக்கு விளங்கியது. எழும்பிப் பின்கதவால் வெளியே போனார். கோழிகளுக்குத் தீன் போடும் சத்தம் கேட்டது. தீன் முடிந்தும் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

வந்ததும் நின்றபடியே சொன்னார்: “நாற்பது வருடம். அண்ணனுடைய பொருளாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் வைத்தால், இத்தனை வருடம் பொலிஸுக்குப் பொய் சொன்னவனாகிறேன். பொய் சொன்னவனுக்குத் துவக்குச் சேர்க்க அனுமதி கொடுப்பார்களா? நீயே சொல்.”

நான் தமிழில் சொன்னேன். நீக்கிலாஸ் அண்ணை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரிட்டச் சொல்லு, வேண்டாம் எண்டு. நான் வேற வழி பாக்கிறன்.”

“வேற என்ன வழி இருக்கண்ணை?”

“நீ சொல்லடா.”

சொன்னேன். ஐனார் அவரை நேராகப் பார்த்தார். “வேறு வழி இருக்கிறதா?” என்று இந்த முறை டெனிஷிலேயே கேட்டார். நீக்கிலாஸ் அண்ணைக்கு அந்தளவு டெனிஷ் விளங்கும். தலையை ஆட்டினார், இல்லை என்று.

நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம். ஐனார் வாசலுக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. பின்சீற்றில் கம்பளிச் சுற்று. “இரண்டு பேரும் ஏறுங்கள்” என்றார். 

பொலிஸ் நிலையத்துக்குள் நான் கடைசியாகத்தான் போனேன். அண்ணையின் விசா, என் விசா, படத்தில் அவர் பதிவில்லாத துவக்கோடு நிற்பது எல்லாம் தலைக்குள் ஓடியது. மேசையில் இருந்தவர் இளைஞர். கம்பளியை விரித்ததும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். ஐனார் டெனிஷில் மெதுவாக, நீளமாகச் சொன்னார். அந்த இளைஞர் உள்ளே போய் மூத்தவர் ஒருவரைக் கூட்டிவந்தார். மூத்தவர் துவக்கைப் பார்த்தார், ஐனாரைப் பார்த்தார், பிறகு விறைப்பாக நின்றுகொண்டிருந்த நீக்கிலாஸ் அண்ணையைப் பார்த்தார்.

“இவர் பட்டாளமா?”

“பொலிஸ்” என்றார் ஐனார்.

மூத்தவர் ஒரு கதிரையை இழுத்து நீக்கிலாஸ் அண்ணைக்குப் போட்டார்.

எல்லாம் சட்டப்படி நடந்தது. துவக்கின் நம்பரைக் குறித்து, எங்கே எப்போது யாரிடம் இருந்தது என்று எழுதி, முத்திரை குத்தித் தந்தார்கள். நான் ஒன்று கேட்டேன்: படமும் எடுத்துத் தர முடியுமா என்று. ஐனார் துவக்கைப் பிடித்தபடி நிற்க, ஒரு பக்கம் சீருடையோடு மூத்தவர், மறுபக்கம் நீக்கிலாஸ் அண்ணை. மூன்று பேர் முகத்திலும் சிரிப்பில்லை. சொந்தக்காரரும் விழுந்த படம் எங்களிடம் அது ஒன்றுதான்.

அந்தப் படமும் கடுதாசியும் ஒரு பிரதி செஞ்சிலுவை வழியாக, ஒரு பிரதி மன்னார் ஆயர் இல்லத்துக்கு. பிறகு காத்திருந்தோம். அதற்குள் ஐனாருடைய வீட்டுக்குப் பொலிஸ் வான் வந்தது. விசாரணை முடியும்வரை சுவரில் இருந்தவற்றையும் கொண்டுபோக வேண்டும். அன்று நீக்கிலாஸ் அண்ணை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனார். வந்தவர்கள் கண்டபடி அடுக்கப் பார்த்திருக்கிறார்கள். இவர் குறுக்கே நின்று, ஒவ்வொன்றையும் தானே எடுத்துத் துணியில் சுற்றி, மரக்கட்டை இரும்பில் உரசாதபடி கிடத்தினாராம். ஐனார் குசினியை விட்டு வெளியே வரவில்லையாம்.

நத்தார்ப் பண்டிகை வந்தது, போனது. பூசையில் நீக்கிலாஸ் அண்ணை நற்கருணை வாங்க எழும்பவில்லை. பாவம் மனதில் கிடக்கிறவர்கள் அதை வாங்கமாட்டார்கள். ஐனாருடைய வழக்கு முடிந்தது: குற்றப்பணம், சேர்க்கும் அனுமதி இரத்து. சுவரில் இருந்தவற்றை அனுமதி உள்ள வேறு சேகரிப்பாளர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அண்ணனுடையதை அழித்துவிட வேண்டும். மூன்றோ நான்கோ பேர் ஐனாரிடம் வந்து பேசி, பொலிஸில் இருந்தவற்றைப் பிரித்துக்கொண்டு போனார்கள். வந்த ஒருவர், கீறல் விழுந்த மரக்கட்டையை மாற்றிப் புதுசு போடலாம் என்று சொன்னதைக் கேட்டு ஐனார் அவருக்குக் கொடுக்க மறுத்துவிட்டாராம். பிறகு வேறு ஆள் கிடைக்காமல் அவரிடமே கொடுத்தார்.

மாசியில் அந்தோனிமுத்துவை விட்டார்கள். கடுதாசி போய்ச் சேர்ந்ததால் விட்டார்களா, தாங்களாகவே விட்டார்களா என்று சுவாமியாருக்கும் தெரியவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம். காலையில் கேற்றைத் திறந்து போகச் சொல்லியிருக்கிறார்கள். விக்ரோரியா அக்கா போனில் அழுதா. “வந்திட்டான். சாப்பிடுறான். பிள்ளையள் கிட்டப் போனா விலகிப்போறான்.”

பங்குனியில்தான் அவன் போனுக்கு வந்தான். இந்த முறை நானும் பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றேன்.

“அத்தான், கொஞ்சம் பலத்துக் கதையுங்கோ. இடது பக்கம் கேக்கிறேல்லை இப்ப.”

“மற்றக் காதில வையடா தம்பி.”

“வச்சிட்டன். அத்தான், சுவாமியார் எல்லாம் சொன்னவர். அந்த வெள்ளைக்காரன் உங்களுக்கு என்ன முறை?”

“முறையொண்டும் இல்லை. என்னோட வேலை செய்யிற மனுசன்.”

“அப்ப ஏன் செய்தவர்?”

நீக்கிலாஸ் அண்ணை “கேட்டுச் சொல்லுறன்” என்றார், கடையில் விலை கேட்டுச் சொல்வதுபோல.

அந்த ஞாயிறே போனோம். ஐனார் எங்களை எதிர்பார்க்கவில்லை; வான் வந்த நாளுக்குப் பிறகு ஞாயிறு வழக்கம் நின்றுபோயிருந்தது. வேலையில் ‘காலை வணக்கம்’ சொல்வார், அவ்வளவுதான். அந்த அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கொடியில் உடுப்புக் காய்ந்தது. முளைகள் புடுங்கின இடத்தைச் சாந்து வைத்து அடைத்திருந்தார். அது இன்னும் சுவரின் நிறத்துக்கு வரவில்லை.

அந்தோனிமுத்து வெளியே வந்ததைச் சொன்னேன். ஐனார் கோப்பையை வைத்துவிட்டு, “நடக்கிறானா?” என்று கேட்டார். “நடக்கிறான். ஒரு காது கேட்காது” என்றேன். பிறகு அவன் கேட்ட கேள்வியைச் சொன்னேன்.

ஐனார் சொல்லத் தொடங்கியபோது என்னைப் பார்க்காமல் நீக்கிலாஸ் அண்ணையையே பார்த்துச் சொன்னார். சொல்லி முடிந்ததும் எனக்குக் கொஞ்சம் மெழுகிச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. அண்ணை என் முழங்கையைப் பிடித்தார்.

“அப்பிடியே சொல்லு. ஒண்டையும் விடாத.”

“தனக்கே தெரியாதாம் அண்ணை. சில நாள் காலமை எழும்பேக்க, செய்தது சரி எண்டு தோன்றுமாம். கனநாள் அப்பிடித் தோன்றுறேல்லையாம். அந்தப் படத்தை எடுத்திருக்கக் கூடாது எண்டு நினைப்பாராம். அண்டைக்கு மத்தியானம் நீங்கள் தன்ர சட்டையை மணந்து பாக்காமல் இருந்திருந்தா எவ்வளவு நல்லம் எண்டும் நினைப்பாராம்.”

நீக்கிலாஸ் அண்ணை தலையை ஆட்டினார். கோபமோ வருத்தமோ அவர் முகத்தில் இல்லை.

“எனக்கும் அப்பிடித்தான் எண்டு சொல்லு.”

சொன்னேன். ஐனார் ஏதோ சிரிப்பு மாதிரி மூச்சு விட்டார். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, பிஸ்கட் தகரத்தை எடுத்துவந்து மேசை நடுவில் வைத்தார். வெளிச்சம் போகும்வரை மூன்று பேரும் இருந்தோம். துடைக்க ஒன்றும் இல்லாததால் அவர்கள் இரண்டு பேருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சன்னல் பக்கம் இருந்தார்.

“அண்ணை, அந்தோனி கேட்டதுக்கு என்ன சொல்லப்போறியள்?”

“நல்ல மனுசன், அதால செய்தவர் எண்டு சொல்லுவன். வேற என்னத்தைச் சொல்ல?” என்றார். “அவன் இப்ப ஒரு காதாலதானே கேக்கிறான். அதுக்குள்ள இவ்வளத்தையும் போட ஏலுமே?”